சார்ஜ் பண்ணாத ஒரு மத்தியானம்

ஆங்கிலத்தில் எனக்கு முழுசாகத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. சார்ஜ். மற்றதையெல்லாம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். எழுதி முடித்ததும் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தேன். இதை மட்டும் நான் விடவில்லை, இதுவும் என்னை விடவில்லை. பெரிய படிப்பு படித்த யாராவது வந்து இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், உட்காருங்கள், டீ சொல்கிறேன், சொல்லி முடிக்க நேரமாகும் என்பேன்.

நாங்கள் தொண்டூர்ப் பக்கம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்துதான் எங்களை வளர்த்தார்கள். எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்த சார்ஜ், பஸ் சார்ஜ். செஞ்சிக்குப் போக சார்ஜ் இருந்தால் பஸ், இல்லாவிட்டால் கால். அடுத்த சார்ஜை பஜ்ஜி கட்டி வந்த பேப்பரில் படித்தேன், லத்தி சார்ஜ் என்று. எண்ணெய் ஊறிய படத்தில் ஓடுகிற கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அதனால் அந்தச் சொல்லுக்கு ஓடுவது என்றும் ஒரு பொருள் உண்டு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அடி வாங்கினவர்களைக் கேட்டால் அதில் பெரிய தப்பில்லை என்பார்கள்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது டிஸ்சார்ஜ் வந்தது. அந்த ஒரு சொல்லை நர்ஸ் வாயிலிருந்து கேட்பதற்கு எட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு போன் வந்தது. இன்றைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று சார்ஜ் என்று சத்தமாகச் சொன்னால் பாதிப் பேர் தங்கள் போனைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். மீதிப் பேர் ஆட்டோக்காரர் கோட்டைக்கு என்ன கேட்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் வேறு, வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, 'வீட்டுக்கு இன்சார்ஜ் இவங்கதான்' என்பார். அப்படிச் சொல்லி வைத்துவிட்டால் கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதிலிருந்து ரேஷன் வாங்குவது வரைக்கும் ஒரு வேலையும் தன்னைத் தேடி வராது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் எனக்குச் சார்ஜ் என்றால் வேறு. நான் செஞ்சிக்கு வெளியே ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். ஐடிஐ எலக்ட்ரிஷியன் முடித்து, அங்கே இங்கே அலைந்து, ஒரு வழியாக இந்த வேலைக்கு வந்தேன். வேலையில் சேர்ந்த அன்று ரிஜிஸ்டரில் 'சார்ஜ் எடுத்துக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட்டிலும் போகும்போது சார்ஜ் எடுக்கிறேன், வரும்போது சார்ஜ் கொடுக்கிறேன். நடுவில் செய்கிற வேலைக்குப் பெயரும் அதுதான். நின்றுபோன லைனில் திரும்ப மின்சாரம் விடுவதை நாங்கள் லைனைச் சார்ஜ் பண்ணுவது என்போம்.

அதை ஒரு தரம் பார்த்தால்தான் தெரியும். பேனலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால் வெளியே யார்டில் பிரேக்கர் 'டங்' என்று சத்தம் போட்டு மூடும். மீட்டர் முள் நடுங்கிக்கொண்டே எழும்பும். அந்த நொடியில் பத்துப் பதினைந்து ஊரில் பேன் சுற்ற ஆரம்பிக்கும், மோட்டார் தண்ணீர் இறைக்கும், மாவு மில் ஓடும். கழனிக்காரர்கள் வரப்பில் எங்கள் நைனா ஒதுங்கி நடந்த அதே ஊர்களுக்கு அவர் மகள் கையால்தான் கரண்ட் போகிறது. எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் உயிரான சட்டம். கம்பத்தில் ஏறப் போகிற ஒயர்மேன் முதலில் எங்களிடம் எல்சி கேட்பார். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. நான் அந்த லைனை நிறுத்தி, சுவிட்சைத் திறந்து பூட்டி, கைப்பிடியில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற போர்டை மாட்டி, லாக் புக்கில் அவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, எல்சி கொடுத்தேன் என்று சொல்வேன். அப்புறம்தான் அவர் ஏறுவார். வேலை முடிந்து இறங்கினதும் எல்சியை ரிட்டர்ன் பண்ண வேண்டும். எடுத்தவரேதான் பண்ண வேண்டும், தன் வாயால். அவர் சொன்ன பிறகுதான் நான் சார்ஜ் பண்ணலாம்.

எழுதி வைத்திருப்பது இது. நடப்பது எல்லா இடத்திலும் இப்படியே இருக்குமா என்று கேட்காதீர்கள். அவசரத்தில் கூட இருக்கிற ஹெல்பர் சொல்லுவார், பக்கத்துக் கழனிக்காரர்கூடச் சொல்லுவார், 'எறங்கிட்டாரு, போட்டுடுங்க' என்று. போட்டும் விடுவார்கள். நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆகாது. அந்த மிச்சம் ஒன்றை நினைத்துத்தான் நான் யார் சொன்னாலும் கேட்பதில்லை. 'அந்தம்மா ஒரு மாதிரி' என்று எனக்குப் பெயர் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் கத்திரி வெயில். செஞ்சி வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே வெயில் மேலே இருந்து மட்டும் வராது, சுற்றி இருக்கிற பாறையிலிருந்தும் வரும். அன்றைக்கு எனக்குப் பகல் டூட்டி. தொண்டூர்ப் பக்கம் போகிற லைனில் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்திருந்தது. அந்தப் பக்கத்து ஒயர்மேன் போன் செய்து எல்சி கேட்டார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னை எம்மா என்பார்.

"அரை மணி நேரம்தான் எம்மா. பீங்கான மாத்திட்டு ஒடனே குடுத்துடறேன்" என்றார்.

ஒன்று நாற்பதுக்கு எல்சி கொடுத்தேன். இரண்டு பத்து ஆனது. இரண்டரை ஆனது. போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். ஹெல்பரைக் கூப்பிட்டேன். அவர் ஒயர்மேனைவிட வயதில் மூத்தவர், நிதானமான ஆள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது, பின்னால் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அண்ணன் எங்க?"

"எறங்கிட்டாரும்மா. வேல முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சா எல்சி ரிட்டர்ன் வரணும் இல்ல? போன அவர்கிட்ட குடுங்க."

"இங்க இல்லம்மா. ஏரிக் கரப் பக்கமா போனாரு. அங்க இன்னொரு கம்பத்துலயும் பீங்கான் கீறல் உட்டுருக்குதுன்னு சொல்லிக்கினே போனாரு."

"அதுல ஏறினாரா?"

"தெர்லம்மா" என்றார்.

எனக்கு அந்த ஒரு சொல் போதும். ஏரிக்கரைக் கம்பமும் இதே லைன்தான். எல்சி இருக்கிற தைரியத்தில் அதிலும் ஏறியிருக்கலாம். இப்போது கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று ஹெல்பரிடம் சொல்லிவிட்டு வைத்தேன். அவர் போய்ப் பார்த்தார். கம்பத்தில் ஆள் இல்லை, கரையிலும் இல்லை என்றார். அந்தப் பக்கம் நாலு கம்பம் இருக்கிறது. நாலையும் பார்த்தீர்களா என்றேன். இரண்டைப் பார்த்தேன் என்றார்.

மூன்று மணிக்கு எங்கள் சார் கூப்பிட்டார். நான் வேலை செய்கிற இடத்துக்கு அவர்தான் மேலதிகாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பத்து ஊரிலிருந்து பத்துப் பேர் அவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள், மண்டை காய்ந்து போயிருந்தார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற? ஒரு பீங்கானுக்கு ஒன்றரை மணி நேரமா? ஹெல்பர்கிட்ட பேசிட்டேன். ஆளு எறங்கியாச்சு. சார்ஜ் பண்ணு."

"எல்சி எடுத்தவர் சொல்லணும் சார்."

"அவன் போன் ஆஃப்ல இருக்குது. போன்ல சார்ஜ் இல்லாம எங்கயாவது சுத்திக்கினு இருப்பான். நான் சொல்றேன், பண்ணு."

"சரி சார். அதயே வாட்ஸப்ல எழுதி அனுப்பிடுங்க. 'எல்சி ரிட்டர்ன் வரல, என் பொறுப்புல சார்ஜ் பண்ணு'ன்னு ரெண்டு வரி. ஒடனே பண்றேன்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் வாட்ஸப்பைத் திறந்து மேசைமேல் வைத்துக்கொண்டு பார்த்தேன். 'டைப்பிங்' என்று ஒரு தரம் காட்டியது, நின்றுவிட்டது. எழுதி அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், அப்போதும் பண்ணியிருக்க மாட்டேன் என்றுதான் சொல்வேன். அவர் எழுத மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன். வாயால் சொல்கிறபோது தைரியமாக இருக்கிறவர்கள் பேனாவை எடுத்தால் யோசிப்பார்கள், அந்த யோசனைதான் எனக்கு வேண்டியிருந்தது.

தைரியமாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்குப் பயந்தேன். கைப்பிடியில் தொங்குகிற போர்டைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்த மனுஷனுக்கு வெயிலில் மயக்கம் வந்து கம்பத்திலேயே பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் என்று ஒரு நினைப்பு வரும். இல்லை, எங்கேயோ நிழலில் சுகமாகப் படுத்திருந்தால், நான் பத்து ஊரை வெயிலில் வேகவைத்துக்கொண்டிருக்கிறேனே என்று இன்னொரு நினைப்பு வரும். எது உண்மை என்று தெரியாத வரைக்கும் முதல் நினைப்புக்குத்தான் மரியாதை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சோறு வடிக்கத் தெரிந்த யாருக்கும் ஆறிவிட்டதா என்று தெரியாத பானையை வெறுங்கையால் பிடிக்கக்கூடாது என்று தெரியும்.

மூன்றரைக்குக் கேட்டுக்கு வெளியே ஆறு பைக் வந்து நின்றது. பத்துப் பதினோரு ஆம்பளைகள். தலையில் ஈரத் துண்டு போட்டிருந்த ஒருவர்தான் முன்னால் நின்றார்.

"யாருய்யா இங்க இன்சார்ஜ்?"

"நான்தான்."

"கரண்ட ஏன் போடாம வெச்சிருக்கற? கொயந்த கத்துது, கெழம் கட்டைங்க கெடக்குதுங்க. வேல முடிஞ்சி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. ஒரு பொம்பள உக்காந்துக்கினு ஊரையே ஆட்டி வெக்கறியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு சொன்னேன்.

"அண்ணே, ஒங்க ஊரு ஒயர்மேன் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா? இங்க நிக்கறதுல யாராவது ஒருத்தர், அவரு இப்ப கம்பத்துல இல்லன்னு கொழந்த தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. இப்பவே சார்ஜ் பண்றேன்."

ஈரத் துண்டுக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"முடியாது இல்ல? அப்ப ஆறு வண்டி இருக்குது, போயி அவர தேடிக் கூட்டியாங்க. அவரு வாயால சொல்லட்டும். அடுத்த நிமிஷம் கரண்ட்."

திட்டிக்கொண்டேதான் போனார்கள். ஆனால் போனார்கள்.

நாலு மணிக்கு மேல் ஒரு பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டு வந்து இறக்கினார்கள். முழு ஆளாக, இரண்டு காலில் நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை. அதை மறைக்கத்தான் கோபம் வந்தது. கிட்டே வந்தபோது கறிக் குழம்பு வாசனை. இரண்டாவது பீங்கானை அவர் கீழே நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு மாற்றலாம் என்று விட்டிருக்கிறார். ஏரிக்கரைக்கு அந்தாண்ட ஒரு வீட்டில் குலசாமிக்குக் கெடா வெட்டியிருக்கிறார்கள். ஒயர்மேனைப் பார்த்ததும், 'வாங்க வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க' என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். போன் செத்துப்போயிருந்தது. கறிச்சோற்றைப் பார்த்ததும் எல்சி மறந்துபோயிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் புளியமரத்தடியில் கண் அசந்தவரைத்தான் தட்டி எழுப்பிக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

"எம்மா, எல்சி ரிட்டர்ன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"முழுசா சொல்லுங்க."

"ஆளுங்க எல்லாம் எறங்கியாச்சு. சாமான் எல்லாம் எடுத்தாச்சு. கம்பியில மாட்டின எர்த் ராடு எடுத்தாச்சு. எல்சி ரிட்டர்ன் பண்றேன்."

நாலு ஐந்துக்கு எழுதிக்கொண்டேன், கையெழுத்து வாங்கினேன். போர்டை எடுத்தேன். நாலு ஆறுக்குச் சார்ஜ் பண்ணினேன். டங் என்றது. அதுவரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. காப்பாற்றப் போகவில்லை நான். கொஞ்சம் வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் எனக்குச் சார்ஜ் மெமோ வந்தது. இத்தனை வருஷமாக நான் லைனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தேன், இப்போது என்னைச் சார்ஜ் பண்ணிவிட்டார்கள். வேலை முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் காரணமில்லாமல் மின்சாரத்தை நிறுத்தி வைத்தேன், மேலதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை, பொதுமக்களிடம் மரியாதைக் குறைவாகப் பேசினேன் என்று மூன்று குற்றம். சொல்லைக் கேட்காதது உண்மை. மரியாதைக் குறைவு உண்மையில்லை. நான் அண்ணே என்றுதான் ஆரம்பித்தேன்.

மெமோ வந்த மறுநாள் ஒயர்மேன் வந்தார். சேரில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"எம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. நான் கம்பத்து மேலதான் இருந்தேன்னு எழுதிடு. நானும் அப்டியே எழுதிடறேன். ஹெல்பரும் சொல்லிடுவாரு. நீ என் உசுரக் காப்பாத்துனதா ஆயிடும், எனக்கும் தலை தப்பும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. எழுதினால் ஒரே நாளில் நான் வீராங்கனை. என்னை ஏசினவர்களே மாலை போடுவார்கள். ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் செய்தது சரியென்று நிரூபிக்க அவர் கம்பத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், அடுத்த தடவை எவனாவது கறிச்சோறு தின்கிற வேளையில் நான் நிறுத்தி வைத்தால் அது தப்பு என்று ஆகிவிடும். நான் செய்தது அவர் சோற்றில் கை வைத்திருந்தபோதும் சரிதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

"பொய் எழுத மாட்டேன் அண்ணே. ஒங்களப் பத்தியும் எழுத மாட்டேன்" என்றேன்.

பதிலில் நான் எழுதியது இவ்வளவுதான்: எல்சி கொடுத்தது ஒன்று நாற்பது. எடுத்தவர் திருப்பிக் கொடுத்தது நாலு ஐந்து. சார்ஜ் செய்தது நாலு ஆறு. இடையில் அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அவர் கம்பத்தின் மேல் இருப்பதாகத்தான் நான் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

இடையில் எங்கே இருந்தாய் என்று அவரைக் கேட்டார்கள். ஊரே பார்த்திருக்கிறது, மறைக்க முடியவில்லை. பத்து நாள் சஸ்பெண்ட் ஆனார். எனக்கு அது வலித்தது. ஆனால் மாற்றி எழுதியிருக்கலாமோ என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்புறம் சாரே நேரில் வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். குரல் வெல்லம் மாதிரி இருந்தது.

"எதுக்கும்மா ஒனக்கு இந்த டென்ஷன்? பொம்பளப் புள்ள, ஷிப்ட்டு, வெயிலு, வர்றவன் போறவன் பேச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பில் கவுண்டர்ல ஒரு எடம் காலியா இருக்குது. நீயே விருப்பப்பட்டு மாத்தல் கேக்கற மாதிரி எழுதியிருக்கேன். கையெழுத்து மட்டும் போடு. முதல் தேதியில இருந்து அங்க போயிடு. மெமோவ நான் குளோஸ் பண்ணிடறேன். நாளைக்குள்ள குடுத்துடு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் நனைகிற ஆட்டுக்கு ஒதுங்க இடம் வேண்டியிருக்கிறதே. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, 'போட்டுடு, நிம்மதி' என்றார். கவுண்டர் என்றால் ஆறு மணிக்கு வீடு. ராத்திரி டூட்டி கிடையாது. தலைக்கு மேல் பேன். ஒருவர் உயிரும் என் கையில் இருக்காது. மெமோவுக்குப் பதில் சொல்லியாகிவிட்டதே தவிர, விசாரணை, இன்னொரு விசாரணை என்று இழுத்தடித்தால் என்னால் தாங்க முடியுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் டூட்டிக்குப் போகும்போது பேனாவும் தாளும் பையில் இருந்தன. சாயங்காலம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு பண்ணியிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கேட்டில் ஒரு அம்மா வந்து நின்றார். அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறார். ஒயர்மேனுடைய மனைவி. ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், அண்ணி என்பேன். சஸ்பெண்ட் முடியாத ஆளின் பெண்டாட்டி எதற்கு வருவாள்? நாலு வார்த்தை கேட்கத்தான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தேன்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பேனலையே பார்த்தார்.

"இதுலதான் போடுவியா?"

"ஆமா அண்ணி. இந்தக் கைப்பிடிதான்."

"அவரு வூட்ல வந்து ஒன்ன அப்டித் திட்டுனாரு. 'நான் சோத்துல கைய வெச்சிக்கினு இருக்கறேன், அந்தப் பொம்பள என்னைக் கம்பத்து மேலயே வெச்சிக்கினு இருந்துருக்குது'ன்னு. சொல்லிட்டு அப்டியே உக்காந்துட்டாரு. அன்னிக்கி ராத்திரி சாப்புடல."

காலி டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"எத்தினி நேரம் வெச்சிருப்பம்மா? அவரு வர்லன்னா?"

"அவரு கொரலக் கேக்கற வரைக்கும் அண்ணி."

"பொயுது போயிட்டா?"

"விடிஞ்சாலும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, எழுதாத பக்கமாகப் பார்த்துத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இந்த மாசம் ஒனக்கு எந்தெந்த நாளு டூட்டின்னு எழுதிக் குடு. சஸ்பெண்ட் முடிஞ்சி திங்கக்கெயம போறாரு. கம்பம் ஏறுற வேலய அந்த நாளா பாத்து வெச்சிக்க சொல்லுவேன். அவரு கேக்க மாட்டாரு, ஆம்பள இல்ல. கேக்காட்டிப் போறாரு. எனக்குத் தெரியணும் இல்ல, எந்த நாளு நான் நிம்மதியா ஒரு வாய் துண்ணலாம்னு. இருவத்தி ரெண்டு வருசமா அவரு வேலைக்குப் போனா போன மடியில வெச்சிக்கினுதான் துண்ணுறேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். சாருடைய தாளும் கூடவே வந்தது. அதை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஷிப்ட் சுற்றி வருகிற முறை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தேதி, கிழமை, பகலா ராத்திரியா என்று அவர் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினேன். முப்பதாம் தேதியோடு பக்கம் முடிந்தது.

பக்கத்தைத் திருப்பி, முதல் தேதியிலிருந்து அடுத்த மாதத்துக்கும் எழுதினேன்.